ஏழாம் காம்பராவும் என் குட்டி சர்வரும்

சர்வர் ஒழுங்காக ஓடும்போது அதை எழுதியவளை ஒருவருக்கும் தெரியாது. நின்றுவிட்டால் மட்டும் அவள் பெயர் தோட்டம் முழுக்கத் தெரியும். இதே தொழிலில் மாட்டிக்கொண்டு, "எனக்கு மட்டும் ஏன் ஓபன் ஆகலை?" என்ற கேள்விக்குப் பதில் தெரியாமல் முழிக்கும் சக பாவிகளே, இது உங்களுக்காகத்தான்.

முதலில் என் பெட்டியை அறிமுகப்படுத்திவிடுகிறேன். ஓப்பநாயக்க டவுனில் ரசீன் நானாவின் கம்ப்யூட்டர் கடையில் வேலை பார்க்கிறேன். ஊர், டவுனுக்கு மேலே இருக்கும் ஒரு தோட்டம். மேலே தேயிலை, கீழே ரப்பர், நடுவில் மண்மேட்டுக்கு அடியில் மூன்று லயம், ஒவ்வொன்றும் பன்னிரண்டு காம்பரா வீடுகள் ஒட்டிய ஒரே வரிசை. பெரிய மழை வந்தால் மேடு சரியும் என்று மூன்று லயத்துச் சனமும் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட வேண்டும். யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று பார்ப்பதுதான் பெரும்பாடு. மழை பெய்தால் போனில் சிக்னலும் போய்விடும். ஆகவே இன்டர்நெட் இல்லாமல் தோட்டத்துக்குள்ளேயே ஓடும் ஒரு சர்வரை எழுதிப் பள்ளிக்கூட அலுமாரியில் வைத்தேன். உள்ளங்கை அளவு போர்டு. பெரிய சர்வர் எதை ஏற்றினாலும் மூச்சு வாங்கும் என்பதால் ஒவ்வொரு வரியும் நானே எழுதியது. லயத்துக்கு ஒரு பொறுப்பாளர். அவர் போனில் லாகின் செய்து, ஆட்கள் வந்து சேரச் சேரக் காம்பராவுக்கு ஒரு டிக் போட வேண்டும். பன்னிரண்டு காம்பராவும் நிறைந்தால் அந்த லயம் பச்சையாகும். அந்தப் பச்சை நிறத்தைத் தேர்ந்தெடுக்கவே எனக்கு ஒரு நாள் பிடித்தது என்றால் என் பெருமையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாரும் ஸ்டெல்லா

லாகின் செய்தவரைச் சர்வர் ஞாபகம் வைத்திருப்பதற்குப் பெயர் செஷன். டிஸ்பென்சரியில் துண்டு கொடுப்பார்களே, அதே கதைதான். முதல் தடவை பெயர் சொல்லித் துண்டு வாங்கிக்கொண்டால், அடுத்த தடவை துண்டைக் காட்டினால் போதும். நான் சோம்பேறித்தனத்தில் துண்டே கொடுக்காமல், போன் எந்த முகவரியிலிருந்து வருகிறது என்று பார்த்து ஆளை அடையாளம் வைத்துக்கொள்ளும்படி எழுதிவிட்டேன். கடையில் இரண்டு போனை வைத்துப் பார்த்தேன், அருமையாக வேலை செய்தது. தோட்டத்திலோ மூன்று லயமும் ஒரே ரௌட்டர் வழியாகத்தான் வருகின்றன. சர்வருக்கு எல்லாரும் ஒரே முகவரி, ஒரே ஆள்.

ஒத்திகை நாளில் மூன்றாம் லயத்துப் பொறுப்பாளர் ஸ்டெல்லா அக்காதான் முதலில் லாகின் செய்தார். செய்துவிட்டு அடுப்பை அணைக்க உள்ளே போனார். அதற்குள் மற்ற இரண்டு லயத்துப் பொறுப்பாளர்களும் திறக்க, பாஸ்வேர்ட் கேட்காமலே "வணக்கம் ஸ்டெல்லா" என்று வந்திருக்கிறது. கேட்காதது நல்லதாய்ப் போயிற்று என்று இருவரும் மளமளவென்று டிக் போட்டார்கள். டிக் எல்லாம் அக்காவின் பட்டியலில் விழ, ஐந்தே நிமிஷத்தில் மூன்றாம் லயம் பச்சை! சிங்களக்காரரான எங்கள் கிராம சேவகருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பாராட்டுவதற்கு லயத்துக்கே போனார். அங்கே ஒரு சனமும் வெளியே வரவில்லை. ஸ்டெல்லா அக்கா தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். "மே மொகத ஸ்டெல்லா, என்ன இது? லிஸ்ட்ல நீங்க எல்லாம் ஸ்கூல்ல இருக்கீங்க" என்று ஊருக்கு முன்னால் அவர் போட்ட சத்தத்தில் அக்காவின் முகம் சிவந்துவிட்டது. நேராக என்னிடம் வந்தார். "என் பேர்ல பொய் சொல்ற பொட்டியக் கொண்டுபோய் ஆத்துல போடு புள்ள. இனிமே என் கண்ணால பாக்காத ஆளுக்கு நான் டிக் போட மாட்டேன், மாதா மேல சத்தியம்!"

அன்று ராத்திரியே எல்லாவற்றையும் பிரித்துப் போட்டு எழுதினேன். ஆளுக்கு ஒரு துண்டு. அந்தந்த லயத்துப் பட்டியலில் அந்தந்தப் பொறுப்பாளரைத் தவிர வேறு யாரும் கை வைக்க முடியாது. எழுதிய என்னாலும் முடியாது. அந்தப் பூட்டு எனக்கே ஒரு நாள் எரிச்சலைக் கிளப்பும் என்று அப்போது தெரியவில்லை.

பத்து நிமிஷ ஞாபகம்

பெரிய கம்பெனிகளின் பக்கங்களெல்லாம் கொஞ்ச நேரம் சும்மா விட்டால் வெளியே தள்ளிவிடும் அல்லவா? பாதுகாப்புதானே என்று நானும் முதலில் பத்து நிமிஷம் வைத்தேன். அடுத்த ஒத்திகையில் ஸ்டெல்லா அக்கா குடையும் கையுமாகக் காம்பரா காம்பராவாக நடந்து, ஒவ்வொருவரையும் கிளப்பி, பள்ளிக்கூடத்தில் நேரில் பார்த்துவிட்டுப் போனை எடுத்தால், மறுபடி பாஸ்வேர்ட். ஈர விரலுக்குப் போன் அசையவில்லை. நான்கு தடவை இப்படி. ஐந்தாவது தடவை போனை என் மேசையில் வைத்துவிட்டுக் கேட்டார்: "எங்க லயத்தச் சுத்தி வரவே அரை மணி நேரம் ஆகும். அதுக்குள்ள உன் பொட்டிக்கு நான் யாருன்னு மறந்து போச்சா? எனக்கு உன் ஞானஸ்நானமே ஞாபகம் இருக்கு!"

நிமிஷத்துக்கு ஒரு விருந்தாளி

பள்ளிக்கூடக் கூரையில் ஒரு மழைமானி வைத்திருக்கிறோம். நிமிஷத்துக்கு ஒரு தடவை மழை அளவைச் சர்வருக்கு அனுப்பும். எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. ஒரு மாதத்தில் சர்வர் ஆமையாகிவிட்டது. பக்கம் திறப்பதற்குள் ஒரு பிளேன்டீ குடித்து முடிக்கலாம். மெமரி கார்ட் கெட்டுவிட்டது என்று மாற்றினேன். சார்ஜரை மாற்றினேன். வயரை மாற்றினேன். வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன், அதற்கும் அசையவில்லை.

பெட்டியைக் கடைக்குத் தூக்கி வந்து கார்டைத் திறந்தால், உள்ளே ஆயிரக்கணக்கில் துண்டுகள். தோட்டத்தில் போன் வைத்திருப்பவர்களை விரல் விட்டு எண்ணலாம், இத்தனை ஆட்கள் எங்கிருந்து வந்தார்கள்? நான் தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்க, சர்வர் என்றால் என்னவென்றே தெரியாத ரசீன் நானா என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். துண்டுகளின் நேரத்தை வாய்விட்டு வாசித்தார். எல்லாம் சரியாக நிமிஷத்துக்கு ஒன்று. மழைமானிதான்! பாவம், துண்டை வாங்கி வைத்துக்கொள்ள அதற்குத் தெரியாது. அது ஒவ்வொரு தடவை வரும்போதும் என் சர்வர் புது விருந்தாளி என்று நினைத்துப் புதுத் துண்டு எழுதிப் பத்திரப்படுத்தியிருக்கிறது. நானா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "மனுஷருக்குத் துண்டு குடுங்க மகள், தகர டப்பாக்கு என்னத்துக்கு?"

யார் நீ

எங்கள் பக்கம் கரண்ட் போவதைச் சொல்லி முடியாது. போய் வந்தால் என் போர்டின் கடிகாரம் நான் பிறப்பதற்கு முந்திய ஏதோ ஒரு வருஷத்தைக் காட்டும். நான் எழுதும் துண்டில் "இத்தனாம் தேதி வரை செல்லும்" என்று இருக்கும். பழைய வருஷத்துத் தேதியைப் பார்த்த போன், செல்லாத துண்டு என்று அந்த நொடியே கிழித்துப் போட்டுவிடும். விளைவு, சரியான பாஸ்வேர்டை வாங்கிக்கொண்டு சர்வர் மறுபடி பாஸ்வேர்டையே கேட்கும்.

தேதி எழுதுவதை விட்டுவிட்டு, "இன்னும் இத்தனை மணி நேரம் செல்லும்" என்று மாற்றினேன். போர்டுக்குக் காசு அளவு பேட்டரியுடன் ஒரு கடிகாரம் பூட்டினேன். கரண்ட் போனால் பெரிய பேட்டரிக்கு மாறும், அந்த மாற்றத்தில் பெட்டி அணைந்து எழுந்தாலும் போட்ட டிக் அழியாதபடி கார்டில் எழுதி வைத்தேன். இவ்வளவு வேலைக்கும் காரணம் இரண்டாம் லயத்துப் பொறுப்பாளர் ராஜா அண்ணன் சிரிக்காமல் செய்த ஒரே ஒரு முறைப்பாடு: "கதவத் தொறந்து விட்டுட்டு, உள்ள வந்த பொறகு ‘யாரு நீ’ன்னு கேக்குதுங்க."

ஏழாம் காம்பரா

பிறகு உண்மையான மழை வந்தது. மழைமானிக்கு வயர் மாற்றுவதற்காக அன்று நான் பள்ளிக்கூடத்தில்தான் இருந்தேன். மத்தியானம் தொடங்கிய மழை ஒரு மணி நேரத்தில் அபாய அளவான சிவப்புக் கோட்டைத் தாண்டியது. சர்ச் மணி அடித்தார்கள். சனம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேலே வரத் தொடங்கியது. கரண்ட் போயிற்று, பெட்டி அணைந்து, பேட்டரியில் எழுந்தது. ஒரு டிக்கும் அழியவில்லை! ஸ்டெல்லா அக்காவின் போனில் சார்ஜ் தீர்ந்துபோக, ராஜா அண்ணன் போனில் லாகின் செய்தார். அவருடைய பட்டியல் விட்ட இடத்தில் அப்படியே நின்றது. அந்த நேரத்தில் சொல்லக்கூடாதுதான், ஆனால் என் நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. கிராம சேவகர் பக்கத்தில் நின்று திரையைப் பார்க்க, முதலாம் லயம் பச்சை, இரண்டாம் லயம் பச்சை. மூன்றாம் லயம் மட்டும் பதினொன்றில் நின்றது. ஏழாம் காம்பராவுக்கு டிக் இல்லை.

ஏழாம் காம்பரா எங்கள் வீடு. அம்மா தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தார். அப்பா ரப்பர் பால் வெட்டுபவர். அந்த வாரம் ரப்பர் ஷீட் உருட்டும் ஸ்டோரில் ஆள் போதாமல் மத்தியானத்துக்குப் பிறகும் அங்கே போய்க்கொண்டிருந்தார். ஸ்டோர், மேடு சரிந்தாலும் மண் எட்டாத இடம்.

"அக்கா, ஏழுக்கு டிக் போடுங்க. அப்பா ஸ்டோர்ல இருப்பாரு."

"நீ பாத்தியா?"

"இந்த வாரம் பூரா அங்கதானே போறாரு?"

"நான் பாக்கல. போட மாட்டேன்."

எனக்குக் கோபம் வந்தது. என் சர்வர், என் அப்பா, என் பச்சை. இவருக்கு என்ன பிடிவாதம் என்று நானே என் போனை எடுத்து அந்த டிக்கைத் தட்டினேன். "இது உங்கள் பட்டியல் அல்ல" என்று பெட்டி என்னைத் திருப்பி அனுப்பியது. நான் போட்ட பூட்டு. கிராம சேவகர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு "ஹரி, மங் யன்னம், நானே போறேன்" என்று குடையை எடுத்துக்கொண்டு இறங்க, ராஜா அண்ணனும் பின்னால் ஓடினார்.

அப்பா வீட்டில்தான் இருந்தார். விடியலுக்கு முன்பே பால் வெட்டப் போய் வந்தவர், காய்ச்சல் வரும் போல இருக்கிறதென்று ஸ்டோருக்குப் போகாமல் போர்த்திப் படுத்திருக்கிறார். தகரத்தில் விழுந்த மழையில் மணிச் சத்தமும் கேட்கவில்லை, ஆட்கள் கூப்பிட்டதும் கேட்கவில்லை. ஒற்றைச் செருப்போடு இருவருக்கும் நடுவில் நனைந்துகொண்டு வந்தார். ஸ்டெல்லா அக்கா அவரைத் தலையிலிருந்து கால் வரை ஒரு தடவை பார்த்தார். பிறகுதான் டிக் போட்டார். மூன்றாம் லயம் பச்சையானது.

கொஞ்ச நேரத்தில் கீழே ஒரு சத்தம் கேட்டது. ஆறாம், ஏழாம் காம்பராக்களின் பின்பக்கம் மண்ணுக்குள் போயிருந்தது. அப்பாவின் கட்டில் கிடந்த பக்கம் அதுதான். அப்பாவின் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டு, ஊரே பார்க்க அழுதேன். அலுமாரிக்குள் பெட்டி சின்ன விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருந்தது. ஸ்டெல்லா அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "உன் பொட்டி இப்போ பொய் சொல்லாது புள்ள. இன்னைக்கு நீதான் சொல்லப் பாத்த."

யார் யார் என்று ஞாபகம் வைத்துக்கொள்ளும் சர்வரை எழுதியவள் நான்தான் என்று இன்றைக்கும் மார் தட்டிக்கொள்கிறேன், ஆனால் மூன்றாம் லயத்துப் பட்டியலைத் தொட வேண்டுமென்றால் இன்றைக்கும் ஸ்டெல்லா அக்காவிடம்தான் போனைக் கேட்டு வாங்குகிறேன்.