முத்துச்சாமி அண்ணன் காட்டில் புல் நின்ற வருஷம்

நானே பாதி நம்பிக்கையோடு சொன்ன ஒன்றை அந்த மனிதர் ஏன் முழுசாக ஏற்றுக்கொண்டார்? இன்றுவரை எனக்குப் பதில் தெரியவில்லை.

அறுத்த பச்சைப் புல்லின் வாசனை எங்கிருந்து வந்தாலும் எரியோடு என்கிற ஊருக்குப் பக்கத்துச் செம்மண் காடுதான் ஞாபகம் வரும். வேளாண்மை படித்த கையோடு ஒரு திட்டத்தில் வேலை. திண்டுக்கல்லில் ரூம், தினமும் டவுன் பஸ், தோளில் விதைப் பை...

மானாவாரியில் வருஷா வருஷம் சோளமே போட்டு மண் களைத்துக் கிடந்தது. இரண்டு வருஷம் கொழுக்கட்டைப் புல்லும், முயல் மசால் என்கிற தீவனச் செடியும் விதைத்து மாட்டுக்கு அறுத்துப் போடுங்கள். மூன்றாம் வருஷம் உழுதுவிட்டு மறுபடி சோளம் போடுங்கள். இதைத்தான் ஊர் ஊராகச் சொல்ல வேண்டும். வகுப்பில் கேட்க நன்றாக இருந்தது. மழையை நம்ப முடியாத ஊரில் எடுபடுமா என்று எனக்கே சந்தேகம்.

"புல்லப் பிடுங்கத்தான் மேடம் நாங்க ஆள் விடுறோம். நீங்க வெதைக்கச் சொல்றீக!" என்று ஒருவர் சிரித்தார். முத்துச்சாமி அண்ணன் மட்டும் ரோட்டோரத்து ஒரு ஏக்கரைக் கொடுத்தார்.

இரண்டாம் வருஷம், ஐப்பசி மழைக்குப் பிறகு புல் முழங்கால் உயரம். சந்தோஷமாகப் போய் இறங்கினால், வரப்போரம் டிராக்டர் நிற்கிறது.

"கோவிச்சுக்கிராதீக மேடம். நாளைக்கு செல்வியப் பொண்ணு பாக்க கீரனூர்ல இருந்து வாராக. ரோட்டு மேல காடு புல்லு மண்டிக் கெடந்தா, ஒழைக்காத குடும்பம்னு அப்படியே வண்டியத் திருப்பிருவாக. உழுதுபோட்டா பாக்கவாச்சும் காடா இருக்கும்."

அவர் சொன்னதில் தப்பில்லை. அப்போதெல்லாம் பெண்ணைப் பார்க்கும் முன்னால் காட்டைப் பார்ப்பார்கள். என் சோதனைக்காக அவர் மகள் கல்யாணத்தைப் பணயம் வைக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"உழுதிருங்கண்ணே" என்றேன்.

அவர் மனைவி பாண்டியம்மா அக்கா, தலையிலிருந்த புல்லுக்கட்டைத் தொப்பென்று கீழே போட்டார்.

"உழுகுங்க, நல்லா உழுகுங்க! நாலு மாடும் நாளையில இருந்து உங்க மீசையத்தான் மேயணும். போன வருசத்துக்கு முந்தி எலும்பும் தோலுமா நின்னுச்சுக. அதப் பாத்தா மட்டும் பொண்ணு எடுப்பாகளாக்கும்?"

பின்னால் நின்ற செல்வி கேட்டாள்: "ஏப்பா, அவுக புல்லப் பாக்க வாராகளா, என்னையப் பாக்க வாராகளா?"

டிராக்டர்காரர் சிரித்த சிரிப்பில் அண்ணனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. டிராக்டர் திரும்பிப் போனது. ஆனால் அந்தச் சிரிப்பு அவர் முகத்தில் வெகுநேரம் நிற்கவில்லை.

இப்போது அந்தப் பக்கம் விற்பதற்கென்றே புல் வளர்க்கிறார்கள்; யாரும் சிரிப்பதில்லை. பெண் பார்க்கப் போகிறவர்களும் காட்டைப் பார்ப்பதில்லை. எந்தக் கம்பெனியில் வேலை என்றுதான் பேச்சு. எது மேல் என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. ஆனாலும், அப்படி ஒரு காட்டைப் பார்த்துப் பயந்த காலம் கொஞ்சம் சிரிப்பாகவும், கொஞ்சம் ஏக்கமாகவும் இருக்கிறது...

மறுநாள் நடந்ததை நடந்தபடியே எழுதிவிடுகிறேன். நானும் போயிருந்தேன்.

வேன் ரோட்டிலேயே நின்றது. மாப்பிள்ளையின் அப்பா வீட்டுக்கு வராமல் நேரே காட்டில் இறங்கினார். ஒரு தண்டை ஒடித்துக் கடித்துப் பார்த்தார்.

"ஏனுங்க, இது தானா மொளச்சதுங்களா, வெதச்சதுங்களா?"

"வெதச்சது..." என்றார் அண்ணன், குனிந்த தலையோடு.

"நமக்கும் பத்து உருப்படி மாடு இருக்குதுங்க. கொஞ்சம் வெத கெடைக்குங்களா?"

அண்ணன் நிமிர்ந்தார். "மொதல்ல வீட்டுக்கு வாங்க, பொண்ணப் பாருங்க. பூ வச்ச பெறகு வெதையப் பத்திப் பேசுவோம்."

செல்விக்கும் பையனைப் பிடித்திருந்தது. மத்தியானத்துக்குள் பூ வைத்தாகிவிட்டது. வேன் கிளம்பும்போது அதன் கூரையில் இரண்டு கட்டுப் புல் இருந்தது.