கல் உடைத்தால்தான் பஞ்சம்

1. முதல் நாள்

மாகாண சுயாட்சி வந்து அதிக காலம் ஆகவில்லை. இரண்டு பருவ மழையும் பொய்த்த ஒரு வருஷம், மாசி மாதக் கடைசித் திங்கட்கிழமை, சேலம் ஜில்லாவில் தாற்காலிகக் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். எதற்கும் நாள் கிழமை குறித்து வைப்பது என் வழக்கம். ஆனாலும் திருச்செங்கோட்டுக்குக் கிழக்கே இருந்த அந்த ஊரின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

ரோட்டோரம் கருங்கல் குவியல்கள், சம்மட்டிகள், ஒரு கீற்றுப் பந்தல். கல்லை ஜல்லியாக உடைக்க வருகிறவர்களின் பெயரை மஸ்டர் ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் ஏற்றி, சாயங்காலம் கூலி கொடுப்பது என் வேலை. ஊர் வழக்கத்தைவிடக் கூலி குறைவாக இருந்தது. ஏன் என்று தாசில்தாரைக் கேட்டேன்.

"இது டெஸ்ட் ஒர்க்கப்பா. ரோடு போடறதுக்கு இல்லே. ஜனங்களுக்குப் பசி இருக்கான்னு பார்க்கறதுக்கு."

எனக்கு விளங்கவில்லை. அவர் விளக்கினார். தாலுகாவுக்கு அந்த வருஷ பட்ஜெட்டில் ஒதுக்கியது தை மாதமே தீர்ந்துவிட்டது. அதற்குமேல் செலவு செய்ய அவருக்கு அதிகாரம் இல்லை. ஆனால் பஞ்சத்துக்கென்று மாகாணம் நல்ல வருஷங்களில் தனியாக ஒரு நிதி சேர்த்து வைத்திருந்தது. வேறு எதற்கும் அதைத் தொட முடியாது. பஞ்சம் என்று சர்க்கார் அறிவித்தால்தான் திறக்கலாம்.

"எப்போ சார் அறிவிப்பாங்க?"

"குறைஞ்ச கூலிக்கு வெயில்லே உட்கார்ந்து கல் உடைக்க ஏராளமா ஆள் வந்தா, பசி நிஜம்னு அர்த்தம். வரலேன்னா இல்லைன்னு அர்த்தம்."

வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை.

2. வராத கூட்டம்

முதல் வாரம் வந்தவர்கள் சொற்பம். அவர்களும் கூலி வேலைக்குப் பழகியவர்கள்; ஊரில் அப்படிப்பட்டவர்களில் பாதிப்பேர் ஏற்கெனவே தேயிலைத் தோட்டங்களுக்குப் போய்விட்டிருந்தார்கள். கல் வேலையைப் பார்த்துக்கொண்ட மேஸ்திரி ரஹ்மான் பாய், சேலம் டவுன்காரர், பந்தலில் கால் நீட்டி உட்கார்ந்திருப்பார்.

"ஆளுக்கு ஒரு கல் போதாதுன்னு சண்டை வரும்னு நெனச்சேன் தம்பி. இங்க ஆளுக்கு ஒரு மலை இருக்கு."

வெள்ளிக்கிழமை தாசில்தார் வந்து மஸ்டர் ரோலைப் புரட்டினார். "வர்ற வாரமும் இப்படியே இருந்தா, 'கஷ்டம் இல்லை'ன்னு எழுதி இதை மூடணும். அந்த நிதி இந்தப் பக்கம் வராது" என்றார்.

மறுநாள் மத்தியானம் தண்ணீர் கேட்டு ஊருக்குள் ஒரு ஓட்டு வீட்டுக்குப் போனேன். நாலு ஏக்கர் புன்செய்க் காட்டுக்குச் சொந்தக்காரர்கள். புருஷன் மில் வேலை தேடிக் கோயமுத்தூர்ப் பக்கம் போயிருந்தார். மனைவி நல்லம்மாள் கொல்லையில் எதையோ வறுத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் சட்டென்று முறத்தால் மூடினாள். மூடுவதற்குள் பார்த்துவிட்டேன். புளியங்கொட்டை.

"மாட்டுக்குங்க" என்றாள்.

மாட்டுக் கொட்டகை காலியாக இருந்தது. முளைக்குச்சியில் கயிறுகூட இல்லை. ஏழெட்டு வயசுப் பெண் ஒருத்தி முறத்துக்கடியில் கைவிட்டு ஒரு கொட்டையை எடுத்து வாயில் போட்டு மென்றாள். அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. நல்லம்மாள் தடுக்கவில்லை, என் முகத்தையும் பார்க்கவில்லை. வாங்கிய தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தேன்.

"ஏனுங்க அம்மா, கல் உடைக்க வரலாமே?"

"வரலாமுங்க. சந்தைக்குப் போற சனம் பூராவும் அந்த ரோட்டுலதான் போவுது. எம் பொறந்த ஊட்டு வண்டியும் அதுலதான் போவுது. காட்டுக்காரி சம்மட்டி புடிச்சுக்கிட்டு நடுரோட்டுல குக்கி உக்காந்திருந்தா, நாளைக்கு இந்தப் புள்ளையை எந்த ஊட்டுல பொண்ணெடுப்பாங்க?"

"பசின்னு வந்தப்புறம் இதெல்லாம்..."

"பசி ஊட்டுக்குள்ளாற இருக்குதுங்க சாமி. சம்மட்டி ரோட்டுல இருக்குது."

3. கரட்டுக்குப் பின்னால்

ஞாயிற்றுக்கிழமை தாசில்தார் தங்கியிருந்த முகாமுக்குப் போய் எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன்.

"நீ பார்த்தது நிஜம். ஆனா ரூல்லே புளியங்கொட்டைக்கு இடமில்லே. நான் எழுதினா, 'வேலைக்கு வந்தார்களா?'ன்னு ஒரே கேள்விதான் திரும்பி வரும்."

பிறகு ரஹ்மான் பாயைக் கூப்பிட்டார். "கல் எங்கேர்ந்து வருது?"

"அந்தக் கரட்டுக் குன்றுக்குப் பின்னால பாறை இருக்குங்க சார். வண்டியில ஏத்திக் கொண்டாந்து ரோட்டுல உடைக்கிறோம்."

"ரோட்டிலேதான் உடைக்கணும்னு எஸ்டிமேட்டிலே இருக்கா?"

"இல்லீங்க. வண்டி வாடகை மட்டும்தான் இருக்கு."

"கல்லா ஏத்தினா என்ன, ஜல்லியா ஏத்தினா என்ன? நாளைக்குச் சம்மட்டியெல்லாம் பாறைக்கே போகட்டும்."

"அங்க துளி நிழல் இல்லீங்களே சார்."

"பார்க்கறதுக்கு ஆளும் இல்லையே பாய்."

அன்று சாயங்காலமே நல்லம்மாள் வீட்டில் போய்ச் சொன்னேன்.

திங்கட்கிழமை விடிந்து நான் பாறைக்குப் போனபோது பத்துப் பன்னிரண்டு பெண்கள் முக்காட்டோடு நின்றார்கள். முதலில் நின்றவள் நல்லம்மாள்தான். வெயில் ஏற ஏற, கரட்டைச் சுற்றிக்கொண்டு ஆட்கள் வந்தபடியே இருந்தார்கள். ஓட்டு வீட்டுக்காரர்கள், போன வருஷம்வரை நிலவரிக் கிஸ்தி பாக்கி வைக்காதவர்கள். சம்மட்டி போதவில்லை. கல்லைக் கல்லால் அடித்தார்கள். உள்ளங்கைத் தோல் உரிந்தது; முந்தானையைச் சுற்றிக்கொண்டு உடைத்தார்கள். ரஹ்மான் பாய் அன்று ஒரு கேலியும் பேசவில்லை. குனிந்த தலை நிமிராமல் பெயர்களைக் கேட்டு எழுதினேன்.

வியாழக்கிழமை ஜில்லாவிலிருந்து பெரிய அதிகாரி வந்தார். பாறைச் சரிவு முழுக்க ஆட்களைப் பார்த்துத் திகைத்துப் போனார்.

"போன வாரம் ஈ காக்கா இல்லைன்னு ரிப்போர்ட் வந்ததே! இத்தனை பேரும் எங்கேம்மா இருந்தீங்க?"

நல்லம்மாள் கையை நிறுத்தாமல் சொன்னாள்: "ஊட்டுலதாங்க இருந்தோம்."

அந்த மாதத்துக்குள் எங்கள் பகுதிக்கு நிவாரண நிதி திறந்தது. கூலி உயர்ந்தது, கஞ்சித் தொட்டியும் வந்தது.

பின்னாளில் கஜானாவில் பல வருஷம் ஒதுக்கீட்டுக் கணக்குப் பார்த்தேன். சேர்த்து வைத்த நிதிக்குக் கட்டுப்பாடு வேண்டும் என்றே இன்றும் நினைக்கிறேன். இல்லாவிட்டால் நல்ல வருஷத்திலேயே கரைந்துபோகும். ஆனால் அதைத் திறக்க ஜனங்கள் எதைக் காட்ட வேண்டும் என்று விதி எழுதுகிறவர், அதை அவர்கள் எங்கே உட்கார்ந்து காட்ட நேரும் என்பதையும் ஒருமுறை நேரில் போய்ப் பார்த்துவிட்டு எழுத வேண்டும்.

அந்த ஜல்லி சந்தை ரோட்டில்தான் விரிக்கப்பட்டது. உடைத்தவர்கள் யார் என்று அதன்மேல் வண்டி ஓட்டிப் போனவர்களுக்குத் தெரியாது. ஊரின் பெயரை நான் எழுதாததும் அதற்காகத்தான்.