லிட்டருக்கு எட்டரை கிலோமீட்டர்: பழைய எஸ்யூவியோடு திருப்பதியும் சித்தூரும்

மார்ச் மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை எங்கள் பழைய எஸ்யூவியில் நகரியிலிருந்து திருப்பதி போய், அங்கிருந்து சித்தூர் போய், கங்காதர நெல்லூர், கார்வேட்டிநகரம் வழியாக வீடு திரும்பினோம். மொத்தம் 216 கிலோமீட்டர். கோயிலுக்குப் போகவில்லை. வண்டி ஏன் இவ்வளவு டீசல் குடிக்கிறது என்று கண்டுபிடிக்கப் போனோம். கண்டுபிடித்தோம். அதை எழுத எனக்கு மூன்று மாதம் ஆகிவிட்டது. எழுதாமலே விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன். ஆனால் மைலேஜ் பற்றி இதே பக்கத்தில் போன வருஷம் நான் எழுதியதைப் பலர் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறார்கள். அது தப்பு என்று நானே சொல்ல வேண்டும்.

வண்டி 2011 மாடல். ஏழு பேர் உட்காரலாம். டீசல், மேனுவல் கியர். ஒரு லட்சத்து அறுபத்தெட்டாயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. நகரியில் எனக்கு எட்டு விசைத்தறிகள். வீட்டை ஒட்டியே தறி ஓடுவதால் எனக்கு அன்றாடம் வண்டி தேவையில்லை. ஓட்டியதெல்லாம் என் மனைவி கல்பனாதான். வடமாலபேட்டையில் ஓர் ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியனாக இருக்கிறாள். போக முப்பது கிலோமீட்டர், வர முப்பது. வழியில் புத்தூரில் இரண்டு நர்ஸுகளை ஏற்றிக்கொள்வாள். டீசல் செலவை மூன்று பேரும் பங்கிட்டுக்கொண்டார்கள். பஸ்ஸில் நின்றுகொண்டு போவதைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். முப்பத்தெட்டு வயதில் ஓட்டக் கற்றுக்கொண்டவள். புத்தூர் சந்தை நாளில் அந்தப் பெரிய வண்டியை நெரிசலுக்குள் ஓட்டிக்கொண்டு போவதில் அவளுக்கு ஒரு பெருமிதம் இருந்தது. அதை நான் அப்போது கவனித்ததில்லை.

போன வருஷம் ஜனவரிவரை லிட்டருக்குப் பதின்மூன்று கிடைத்தது. பிறகு பதினொன்று, பத்து, ஒன்பது என்று இறங்கியது. இணையத்தில் படித்ததையெல்லாம் செய்தேன். மேலே இருந்த கேரியரைக் கழற்றினேன். ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர் இரண்டையும் மாற்றினேன். டயரில் காற்றை வாரம் தவறாமல் பார்த்தேன். ஏசி போடக் கூடாது என்று சொல்லிவிட்டேன். ஏப்ரல் வெயிலில் மூன்று பெண்கள் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு போய்வந்தார்கள். எதுவும் பலிக்கவில்லை.

அந்தச் சமயத்தில் கல்பனா இரண்டு முறை சொன்னாள். "காலைல ஸ்டார்ட் பண்ணா ஒதறுதுங்க. கறுப்பா பொகை வருது. பின்னாடி வர்ற பைக்குக்காரன் மூக்கப் புடிச்சிக்கினு போறான்." பழைய டீசல் வண்டி என்றால் புகை வரத்தான் செய்யும் என்று சொல்லி முடித்துவிட்டேன்.

சித்தூரில் டீசல் வண்டி ஷெட் வைத்திருப்பவர் என் அக்காவின் கணவர், வேலு மாமா. இருபது வருஷமாக எங்கள் வீட்டு வண்டிகளுக்கு அவர் ஒருவர்தான் மெக்கானிக். போனில் அவரிடம் புலம்பினேன். "வண்டில ஒண்ணும் இல்ல மச்சான். ஓட்டறவங்க கால்லதான் மைலேஜ் இருக்குது. கிளட்ச்சு மேல கால வெச்சிக்கினே ஓட்டுனா எந்த வண்டி தாங்கும்" என்றார்.

எனக்கு அது போதுமானதாக இருந்தது. ஜூன் மாதத்தில் ஒரு திங்கள்கிழமை காலை, "கொஞ்ச நாள் பஸ்ல போ, நான் ஓட்டிப் பாக்கறேன்" என்று சொல்லிச் சாவியை என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். கல்பனா டிபன் பையை எடுத்துக்கொண்டு ஏழேகால் பஸ்ஸுக்கு நடந்தாள். அன்றிலிருந்து அந்த நர்ஸுகளும் பஸ்தான்.

அதோடு விட்டேனா என்றால் இல்லை. இந்தப் பக்கத்தில் அதை ஒரு கட்டுரையாக எழுதினேன். வீட்டில் இன்னொருவர் ஓட்டினால் மைலேஜ் எப்படிப் பாழாகிறது என்று நகைச்சுவையாக எழுதுவதாக நினைத்துக்கொண்டு எழுதினேன். பெண்கள் வண்டி ஓட்டுவதைப் பற்றி முப்பது, நாற்பது பேர் கிண்டலாகக் கருத்துப் போட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் சிரிப்புப் பொம்மை போட்டுப் பதில் சொன்னேன். கல்பனா படித்தாளா என்று எனக்குத் தெரியாது. அவளுடன் வேலை செய்கிறவர்கள் படித்தார்கள் என்பது பிறகு தெரிந்தது.

நான் ஓட்டியும் மைலேஜ் ஏறவில்லை. ஒரு வாசகர், டீசல் பம்ப் வேலை மட்டும் செய்கிற இடத்தில், இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களைச் சோதித்துப் பாருங்கள் என்று எழுதினார். திருப்பதியில் அப்படி ஓர் இடத்தை விசாரித்து வைத்துக்கொண்டேன். அக்காவும் சித்தூருக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருந்ததால் இரண்டையும் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று கல்பனாவையும் அழைத்துக்கொண்டு கிளம்பினேன். கிலோமீட்டரையும் லிட்டரையும் எழுதும் வேலையை அவளிடம் கொடுத்தேன்.

காலை 5.50க்கு டயர் குளிர்ந்திருக்கும்போதே காற்று பார்த்தேன். பிறகு எதிர்த்திசையில் எட்டு கிலோமீட்டர் போய், ஆந்திர எல்லையைத் தாண்டித் திருத்தணி ரோட்டில் இருக்கும் பங்க்கில் டேங்கை நிரப்பினோம். தமிழ்நாட்டுப் பக்கம் டீசல் லிட்டருக்கு நாலைந்து ரூபாய் குறைவு. நகரிக்காரர்கள் எல்லோரும் செய்வதுதான். டீசல் ஊற்றும் துப்பாக்கி தானாக நின்றதும் நிறுத்திவிட வேண்டும், மேலே ஊற்றக் கூடாது. அப்போதுதான் கணக்குச் சரியாக வரும். 6.20க்குப் புறப்பட்டு எழுபதுக்கு மேல் போகாமல், டாப் கியரில், ஏசி இல்லாமல் ஓட்டினேன். புத்தூர் தாண்டி வடமாலபேட்டையில் அவளுடைய ஆஸ்பத்திரியைக் கடந்தபோது கல்பனா அந்தப் பக்கம் திரும்பவில்லை. சனிக்கிழமை என்பதால் திருப்பதிக்குள் நுழையவே இருபத்தைந்து நிமிஷம் ஆயிற்று. அங்கே மறுபடி டேங்கை நிரப்பினோம். 61 கிலோமீட்டருக்கு 7.2 லிட்டர். லிட்டருக்கு 8.47 என்று கல்பனா எழுதிக் காட்டினாள்.

ரேணிகுண்டா ரோட்டில் இருந்த அந்தப் பட்டறைக்கு 8.30க்குப் போய்ச் சேர்ந்தோம். உரிமையாளருக்கு ஐம்பது வயதிருக்கும். தெலுங்கும் தமிழும் கலந்து பேசினார்.

"பண்டி எவரு நடுபுதாரு சார்? யாரு ஓட்டறது?"

"இப்ப நான். முன்னாடி இவங்க. கிளட்ச் மேல காலை வெச்சே ஓட்டுவாங்க, அதனாலதான் மைலேஜ் போயிடுச்சுன்னு நினைக்கிறேன்."

அவர் சிரித்தார். "கிளட்ச்சு மேல கால் வெச்சா கிளட்ச்சு தேயும் சார். மைலேஜ் ஒண்ணு கொறையும், போனா ஒண்ணரை. பதிமூணு எட்டா ஆவாது. பொகை வருதா?"

"கறுப்பா வருது. காலைல ஒதறுது. போன வருஷமே சொன்னேன்" என்றாள் கல்பனா. அவரிடம்தான் சொன்னாள், என்னைப் பார்த்து அல்ல.

சோதனை ஒன்றரை மணி நேரம் நடந்தது. நான்கு இன்ஜெக்டர்களிலும் மெல்லிய குழாய் மாட்டி, நான்கு சின்ன பாட்டில்களில் விட்டு இன்ஜினை ஓடவிட்டார். சிலிண்டருக்குப் போகாமல் திரும்பி வழியும் டீசல் அந்தப் பாட்டில்களில் சேரும். இரண்டு பாட்டில்களில் அடிமட்டத்தில் நின்றது. மற்ற இரண்டும் பாதிக்கு மேல் நிறைந்துவிட்டன. அவ்வளவு வழிந்தால் இன்ஜெக்டர் தேய்ந்துவிட்டது என்று அர்த்தமாம். பிறகு வண்டியின் கம்ப்யூட்டரில் ஒரு கருவியைச் செருகிப் பார்த்தார். ஒவ்வொரு இன்ஜெக்டரின் தலையிலும் ஒரு குறியீடு இருக்கும். அந்தக் குறியீடு வண்டியின் கம்ப்யூட்டரிலும் பதிவாகியிருக்கும். இரண்டையும் ஒரு தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதினார். ஒன்றுகூடப் பொருந்தவில்லை.

"இவி மீ பண்டிவி காது சார். நாலுமே வேற வண்டியோடது. யாரோ கழட்டி மாத்திட்டாங்க. நல்லத எடுத்துக்கினு தேஞ்சத போட்டிருக்காங்க. வண்டிய எங்க வுடுவீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் கல்பனா சொன்னாள். "சித்தூர்ல. இவங்க மாமா ஷெட்டு. வேற எங்கயும் வுட்டதில்ல."

சோதனைக்கு 1,800 ரூபாய். அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு 10.40க்குச் சித்தூருக்குக் கிளம்பினோம். எழுபது கிலோமீட்டர், நல்ல நாலு வழிச் சாலை, நடுவில் ஒரு சுங்கச்சாவடி. சந்திரகிரி தாண்டியதும் இருபுறமும் பாறைக் குன்றுகளும் மாந்தோப்புகளும் வரும். ரசிக்க வேண்டிய வழிதான். எனக்கு எதுவும் கண்ணில் படவில்லை. போன வருஷம் ஜனவரியில் வண்டியை மூன்று நாள் மாமாவின் ஷெட்டில் விட்டிருந்தேன். அதற்குப் பிறகுதான் மைலேஜ் இறங்கியது. பதினான்கு மாதமாக இந்த இரண்டையும் நான் சேர்த்துப் பார்க்கவே இல்லை. மாமாவைச் சந்தேகப்பட எனக்கு வரவில்லை. கல்பனாவைச் சந்தேகப்பட ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

பன்னிரண்டு மணிக்கு ஷெட்டில் இறங்கினோம். மாமா ஒரு லாரிக்குக் கீழே படுத்திருந்தார். வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டு, "வா மச்சான், வாம்மா, அக்கா காலைலருந்து சமைச்சிக்கினு இருக்குது" என்றார். நான் தாளை நீட்டினேன். வாங்கிப் பார்த்தார்.

"ஆமா. நான்தான் மாத்தினேன்" என்றார்.

கல் குவாரிக்காரர் ஒருவரின் வண்டி அப்போது ஷெட்டில் நின்றிருந்ததாம். அதே இன்ஜின். இரண்டு நாளில் வேண்டும் என்று அவர் ஆள் அனுப்பிச் சத்தம் போட்டாராம். சாமான் கிடைக்கவில்லை.

"உன்னோடது சும்மா நின்னுக்கினு இருந்துச்சு. கழட்டி அதுல போட்டுட்டு, அதுல இருந்தத உன் வண்டில போட்டேன். சாமான் வந்ததும் புதுசு போட்டுடலாம்னு நினைச்சேன். அப்புறம் தள்ளிக்கினே போச்சு."

"கேட்டப்ப ஏன் மாமா சொல்லல? எத்தனை தடவ போன் பண்ணேன்."

"சொன்னா அக்கா காதுக்குப் போவும். என் தம்பி வண்டியிலயே கை வெச்சியான்னு கேக்கும். எந்த மூஞ்சிய வெச்சிக்கினு சொல்றது?"

கத்த வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தவன் நான். அதற்குள் கல்பனா கேட்டாள்.

"அண்ணா, நான் கிளட்ச்சு மேல கால வெச்சி ஓட்டறேன்னு இவர்கிட்ட சொன்னீங்களா?"

மாமா நிமிர்ந்து அவளைப் பார்த்தார். "இல்லம்மா. நீ ஓட்டி நான் பாத்ததே இல்லியே. ஓட்டறவங்க கால்ல இருக்குதுன்னு பொதுவாதான் சொன்னேன். மச்சான் வாய அடைக்க ஏதாச்சும் சொல்லணும்ல. உன் பேர நான் எடுக்கல."

அது உண்மை. அவர் அவள் பெயரைச் சொல்லவில்லை. அந்த இடத்தில் அவள் பெயரைப் போட்டது நான். கல்பனா என்னை ஒருமுறை பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால்கூட எனக்குத் தாங்கும்படி இருந்திருக்கும்.

அக்கா வீட்டில் சாப்பிட்டோம். ஷெட்டில் நடந்ததை யாரும் சொல்லவில்லை. மாமா குனிந்த தலை நிமிரவில்லை. நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். கல்பனா மட்டும் எப்போதும்போல அக்காவிடம் சிரித்துப் பேசிக்கொண்டு, ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். "தம்பி ஏன் துன்னாம கொறிச்சிக்கினு இருக்கான்?" என்று அக்கா கேட்டபோது, "வண்டி ஓட்டின களைப்பு அண்ணி" என்று அவளே பதில் சொன்னாள்.

மூன்று மணிக்குக் கிளம்பி கங்காதர நெல்லூர் வழியாகத் திரும்பினோம். சாலை குறுகல். கரும்பு வண்டிகள் வரும். நாற்பதுக்கு மேல் போக முடியாது. கார்வேட்டிநகரம் தாண்டி வண்டியை ஓரம் கட்டினேன். சாவியை எடுத்து அவளிடம் நீட்டி, "நீ ஓட்டு" என்றேன்.

"வேணாம்."

"தப்புதான் கல்பனா. தெரியாம பண்ணிட்டேன்."

"தெரியாமதான் பண்ணீங்க. கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும்." சாவி இருந்த என் கையைத் தள்ளிவிட்டாள். "இப்ப குடுப்பீங்க. நாளைக்கு டயர் தேஞ்சுதுன்னா மறுபடி புடுங்கிக்குவீங்க. எனக்கு நீங்க குடுக்கறதும் வேணாம், வாங்கறதும் வேணாம். வண்டிய எடுங்க, இருட்டறதுக்குள்ள போவலாம்."

5.40க்கு வீட்டுக்கு வந்தோம். அடுத்த வாரம் அதே திருப்பதிப் பட்டறையில், பழுது பார்த்த நான்கு இன்ஜெக்டர்களைப் போட்டுக் குறியீட்டையும் ஏற்றினார்கள். 34,000 ரூபாய் ஆயிற்று. இப்போது நெடுஞ்சாலையில் 12.6 கிடைக்கிறது. ஏசி போட்டால் 11.9. இந்தக் கொஞ்ச வித்தியாசத்துக்காகத்தான் மூன்று பேரை வெயிலில் வேகவிட்டேன்.

பழைய டீசல் வண்டி வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். மைலேஜை வண்டி காட்டும் எண்ணை வைத்துப் பார்க்காமல், முழு டேங்கிலிருந்து முழு டேங்குக்கு அளந்து பாருங்கள். ஒன்று, ஒன்றரை குறைந்தால் காற்றையும் ஃபில்டரையும் ஓட்டும் விதத்தையும் பார்க்கலாம். மூன்று, நான்கு குறைந்தால் இன்ஜெக்டரைச் சோதியுங்கள். கறுப்புப் புகையும் காலை உதறலும் இருந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். சர்வீஸுக்கு விடும் முன் இன்ஜெக்டர் தலையில் உள்ள குறியீட்டைப் போனில் படம் எடுத்து வையுங்கள், சொந்தக்காரர் ஷெட்டாக இருந்தாலும். கழற்றிய சாமானைக் கேட்டு வாங்குங்கள். வண்டியைத் தினமும் ஓட்டுகிறவர் எது சொன்னாலும் அதை முதலில் கேளுங்கள். என் பழைய கட்டுரையின் தலைப்பிலேயே அது தப்பு என்று எழுதி வைத்துவிட்டேன். அப்போது கிண்டலாகக் கருத்துப் போட்டவர்களில் இரண்டு பேர் மட்டும் வருத்தம் தெரிவித்தார்கள்.

மே மாதத்தில் கல்பனாவும் அந்த இரண்டு நர்ஸுகளும் சேர்ந்து புத்தூரில் ஒரு பழைய சின்ன கார் வாங்கினார்கள். எங்கே சர்வீஸுக்கு விடுகிறாள், எந்தப் பங்க்கில் நிரப்புகிறாள், பெட்ரோலா டீசலா என்பதுகூட எனக்குச் சரியாகத் தெரியாது. காலை ஏழரைக்குத் தறிச் சத்தத்துக்கு நடுவில் அது கிளம்பும் சத்தம் கேட்கும். அந்த வண்டி லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கிறது என்று அவள் சொன்னதில்லை. நான் கேட்டதும் இல்லை.