வாய்க்கால் பட்டியல்

அட்டகாமா பாலைவனத்து எங்கள் ஊரில் சூரிய மின்சாரத்துக்குத் திட்டம் தீட்ட அரசு நிதி தருவதாகச் சொன்னது. ஊர் கூடிப் பேசியதற்குச் சான்றாக வருகைப் பட்டியல் வேண்டும் என்றது. ஊர்ச் சங்கச் செயலாளர் எடுவினா சம்பளமில்லாமல் உழைப்பவள். மூன்று முறை கூட்டத்துக்கு நாற்காலி போட்டு, தேநீர் காய்ச்சிவிட்டுக் காத்திருந்தாள். நாங்கள் வீட்டில் கால்பந்து பார்த்தோம். கெடு முடியும் நாளில், வாய்க்கால் தூர்வாரியபோது எடுத்த வருகைப் பட்டியலைச் சேர்த்து அனுப்பிவிட்டாள்.

நிதி வந்தது. தேவாலய முற்றத்தில் அதிகாரி அந்தப் பட்டியலைப் பார்த்து, "எவரிஸ்டோ புக்கா ஐயா, அன்னைக்குக் கூட்டத்துல என்ன பேசுனீங்கன்னு சொல்லுங்க" என்றார்.

எவரிஸ்டோ செத்து நான்கு வருடம். வாய்க்கால் தண்ணீரில் குடும்பத்தின் பங்கு இன்னும் அவர் பெயரில்தான். தூர்வாரும்போது அந்தப் பெயரைக் கூப்பிட்டால் மனைவி சதுர்னினா மண்வெட்டியோடு முன்னால் வருவாள். அந்தப் பழக்கத்தில் இப்போதும் எழுந்துவிட்டாள்.

"அவரு செத்துட்டாருங்க" என்றாள். பிறகு எடுவினாவிடம் திரும்பினாள். "அவரு பேருக்கு நான் மண்ணுதான் வெட்டுனேன். நீ செத்த மனுசன பொய் சொல்ல வெச்சிட்டியேடி."

எடுவினா தலை கவிழ்ந்தாள். அவளைத் திட்ட எங்களுக்கு வாய் வரவில்லை. அந்தப் பட்டியலில் கூட்டத்துக்கு வர முடியாதவர் எவரிஸ்டோ ஒருவர்தான்.