முன்னால் போகிற முதுகு

யாருக்கும் பின்னால் அவள் நடந்து போகமாட்டாள். கடைவீதியில் யாராவது முன்னால் போனால் எட்டி நடந்து, பக்கத்தில் போய், முகத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் நடையைத் தளர்த்துவாள். மருந்துக்கடை வரிசையில் நின்றால் முன்னால் இருப்பவரிடம், "மணி என்னங்க ஆச்சு?" என்று கேட்பாள். அவள் கையிலேயே கடிகாரம் கட்டியிருக்கும். அவர் திரும்பிப் பார்ப்பார். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். வீட்டிலும் இதே கதை. நாத்தனார் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தால் கதவருகிலேயே நின்று, "கொஞ்சம் இப்படித் திரும்பு" என்பாள்.

"திரும்பியாச்சு. நான்தான். மூக்கு முழியெல்லாம் சரியா இருக்கா பாத்துக்கங்க" என்பாள் நாத்தனார். கணவரின் தங்கை, வாய் கொஞ்சம் நீளம். 'திரும்பு அண்ணி' என்று பட்டப்பெயர் வைத்தவளும் அவள்தான். இப்போது அக்கம்பக்கத்தில் எல்லாருக்குமே அவள் திரும்பு அண்ணிதான். ஏன் இப்படி என்று கேட்பவர்களிடம் சிரித்து மழுப்பிவிடுவாள்.

பிறந்ததிலிருந்து இருந்த பழக்கமில்லை இது. கரும்பைக் குழியில் நட ஆரம்பித்த பிறகு வந்தது.

அதுவரை அவர்களும் எல்லாரையும்போல நீளநீளமாகச் சால் பிடித்துத்தான் கரும்பு நட்டார்கள். கணவருக்கு அந்தச் சால்கள் வீட்டு நடை மாதிரி. கரும்பு தலைக்குமேல் போய் வெளிச்சத்தை அடைத்துவிட்டாலும் அவருக்குக் கவலையில்லை. பக்கத்துக் கரும்பில் கையை வைத்துக்கொண்டு நடந்தால், சால் எப்படியும் வரப்பில் கொண்டுபோய் விட்டுவிடும். கண்ணை மூடிக்கொண்டே வெளியே வருவேன் என்று பீற்றிக்கொள்வார். வந்தும் காட்டியிருக்கிறார்.

ஆனால் விளைச்சல் வருஷத்துக்கு வருஷம் இறங்கிக்கொண்டே போனது. சர்க்கரை ஆலையிலிருந்து வந்த ஒருவர் வட்டக்குழி முறையை விளக்கியபோது கணவர் கொட்டாவி விட்டார். அவள்தான் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். நடுவில் முளைக்குச்சி அடித்து, கயிறு கட்டி, வட்டம் கீற வேண்டும். முழங்காலுக்கு மேல் ஆழம் தோண்ட வேண்டும். மேல்மண்ணையும் தொழு உரத்தையும் கலந்து அடியில் மெத்தைபோலப் பரப்பி, கரணைகளை, அதாவது விதைக்கரும்புத் துண்டுகளை, சக்கரத்தின் ஆரக்கால் மாதிரி சுற்றி அடுக்கி, விரல் கனத்துக்கு மண்ணால் மூட வேண்டும். பயிர் எழும்ப எழும்பக் குழியைக் கொஞ்சம் கொஞ்சமாக நிரப்ப வேண்டும். ஒல்லிக் கிளைகள் குறைந்து, தாய்ப்பயிர்கள் எல்லாம் தடித்து ஒன்றுபோல வளரும். வேர் ஆழத்தில் இருப்பதால் காற்றுக்கும் சாயாது.

நச்சரித்து நச்சரித்து அவரைச் சம்மதிக்க வைத்தாள். குழி தோண்டும்போது பக்கத்துத் தோட்டக்காரர் வரப்பில் நின்று வேடிக்கை பார்த்தார்.

"என்னம்மா, ஊருக்கே குழி பறிக்கிறியா?"

"ஊருக்கு எதுக்கு? எனக்கு ஒண்ணு வெட்டினாப் போதும்னு சொல்லிட்டிருக்கேன். கேட்டாத்தானே" என்றார் கணவர். மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு எல்லாரும் சிரித்தார்கள்.

கரும்பு சொன்னபடியே வந்தது. ஒவ்வொரு குழியிலும் மணிக்கட்டுத் தடிமனில் கரும்புகள் கூட்டமாக ஒரே தூராக நின்றன. அதைப் பார்க்க வந்த பக்கத்துத் தோட்டக்காரர் பேச்சை வானிலைக்கு மாற்றினார். ஆனால் ஒன்றை யாரும் யோசித்திருக்கவில்லை. குழித் தோட்டத்தில் சால் கிடையாது. எந்தத் தூருக்குப் பக்கத்தில் நின்று பார்த்தாலும் நாலாபக்கமும் ஒரே மாதிரி இடைவெளி, ஒரே மாதிரி தூர், ஒரே மாதிரி பச்சை இருட்டு. பழக்கதோஷத்தில் கரும்பில் கையை வைத்துக்கொண்டு நடந்தால், அந்தத் தூரையே சுற்றிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

காய்ந்த தோகையை, சோகையை, உரிக்கிற சமயத்தில் அவளும் நாத்தனாரும் தோட்டத்தின் நடுப்பகுதிக்குப் போனார்கள்.

"அண்ணி, இங்க வந்து இதைப் பாருங்க."

ஒரு தூரைச் சுற்றி வட்டமாக ஒரு தடம். மற்ற இடமெல்லாம் உதிர்ந்த சோகை முழங்கால்வரை கிடக்க, அங்கே மட்டும் அது பொடிப்பொடியாக நசுங்கி மண்ணோடு மண்ணாகியிருந்தது. செக்குமாடு சுற்றினாற்போலத் தரை வழவழத்தது.

"பன்னி ஏதாவது வந்திருக்கும்" என்றாள் அவள்.

"கரும்பைத் தொடாம சும்மா சுத்திட்டுப் போச்சா? உடம்பு இளைக்கணும்னு நடக்குதோ என்னவோ."

அவளும் சிரித்தாள். ஆனால் அந்த வட்டத்துக்கு வந்து சேரும் தடமும் இல்லை, அதிலிருந்து விலகிப்போகும் தடமும் இல்லை என்பதைப் பார்த்துவிட்டாள். நாத்தனாரிடம் சொல்லவில்லை.

சில நாள் கழித்து ஒரு காலையில் கணவர் தண்ணீர்க் குழாயில் அடைப்பு எடுக்கக் கிளம்பினார். செருப்பை மாட்டிக்கொண்டே, "இந்த வெட்டு முடிஞ்சதும் குழியெல்லாம் மூடிட்டு, பழையபடி சால் பிடிச்சிடலாம்" என்றார்.

"கண்ணு முன்னால விளைச்சல் நிக்குது. மூடணுமா?"

"உள்ள போனா திசை பிடிபடலை."

"கண்ணை மூடிட்டு வருவேன்னு சொன்ன ஆளாச்சே."

அவர் முகம் சுருங்கியது. அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடந்தார். போகட்டும் என்று அவளும் முதுகைத் திருப்பிக்கொண்டு அடுப்பைக் கவனித்தாள்.

மத்தியானம் சாப்பாட்டுத் தூக்கோடு தோட்டத்துக்குப் போனபோது வரப்பில் அவருடைய செருப்பு மட்டும் கிடந்தது. "என்னங்க" என்று கூப்பிட்டாள். மறுபடியும் கூப்பிட்டாள். கரும்புத் தோகை மெல்ல உரசிக்கொண்டது. வேறு சத்தமில்லை. தூக்கை வரப்பில் வைத்துவிட்டு உள்ளே நுழைந்தாள்.

உள்ளே காற்று இல்லை. மேலே தோகை கூடி வானத்தை மறைத்திருந்தது. கூப்பிட்டுக்கொண்டே போனவளுக்குச் சிறிது நேரத்தில் தன் குரலே எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று புரியவில்லை. காலையில் அப்படிக் குத்திக்காட்டியிருக்க வேண்டாம் என்று நினைத்துக்கொண்டாள்.

அப்போது அவரைப் பார்த்தாள். கொஞ்ச தூரத்தில், நரைத்துப்போன நீலச் சட்டை. முதுகுதான் தெரிந்தது. நிதானமாக நடந்துகொண்டிருந்தார்.

"என்னங்க, நில்லுங்க."

நிற்கவில்லை. கோபம் இன்னும் ஆறவில்லை போல. இந்த வீம்புக்கு மட்டும் குறைச்சலில்லை என்று முணுமுணுத்துக்கொண்டே பின்னால் போனாள். அவள் வேகமாக நடந்தால் அந்த முதுகும் அதே அளவு தள்ளிப்போனது. மெதுவாக நடந்தால் காத்திருப்பதுபோல மெதுவானது. எப்போது கரும்பில் கையை வைத்தாள் என்று அவளுக்கே தெரியாது. நெடுக வெடித்திருந்த ஒரு கரும்பு உள்ளங்கையில் நெருடியது. கொஞ்ச நேரத்தில் அதே வெடிப்பு மறுபடி நெருடியது. பிறகு மறுபடியும்.

கீழே பார்த்தாள். அந்த வழவழத்த தடத்தில் அவள் நடந்துகொண்டிருந்தாள்.

தடத்தில் புதிதாக உதிர்ந்த சோகை அங்கங்கே கிடந்தது. அவள் மிதிக்க மிதிக்க அது சரசரத்தது. பின்னாலும் சரசரத்தது. முன்னால் அந்த முதுகு அதே சோகைமேல் சத்தமே இல்லாமல் போனது.

அவள் நின்றாள். முன்னால் முதுகும் நின்றது. பின்னால் வந்த காலடி மட்டும் இன்னும் ஓரிரு எட்டு வைத்து, சரசரத்து, அப்புறம் நின்றது.

"இன்னும் எவ்வளவு தூரம்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. காய்ந்து கரகரத்திருந்தாலும் அது அவருடைய குரல்தான்.

முன்னால் அவருடைய முதுகு. பின்னால் அவருடைய குரல். பின்னால் திரும்பினால் முன்னால் நிற்பதற்கு முதுகைக் காட்ட வேண்டும். கனமுள்ள மனுஷன் சோகைமேல் நடந்தால் சத்தம் வரத்தான் வேண்டும். வாழ்க்கையெல்லாம் கரும்புக்குள் வேலை செய்தவளுக்கு நம்ப அது ஒன்றுதான் இருந்தது. திரும்பினாள்.

கணவர் நின்றுகொண்டிருந்தார். முகமெல்லாம் தோகை கிழித்த கீறல். உதடு வெடித்திருந்தது. அவருடைய இடது கை கரும்புமேல் இருந்தது. அந்தக் கையைப் பிய்த்து எடுத்துத் தன் கைக்குள் பூட்டிக்கொண்டாள். முன்னால் நின்றதை மறுபடி பார்க்கவில்லை. குனிந்து சோகைக்கடியில் துழாவினாள். தூருக்குத் தூர் தண்ணீர் விடுகிற மெல்லிய குழாய் தட்டுப்பட்டது. அதைப் பிடித்துக்கொண்டே போனால் தடித்த கறுப்புக் குழாய். அது மட்டும்தான் அந்தத் தோட்டத்தில் நேராகப் போகிற ஒன்று. அதை விடாமல், குனிந்தபடியே, ஒரு கையில் குழாயும் ஒரு கையில் கணவருமாக வரப்புக்கு வந்து சேர்ந்தாள்.

அவர் தண்ணீரை மடமடவென்று குடித்துவிட்டு, "அப்படி என்ன கோபம் உனக்கு?" என்றார்.

"எனக்கா?"

"காலையிலேர்ந்து உன் பின்னாலதானே வர்றேன். எத்தனை தடவை கூப்பிட்டேன். திரும்பிக்கூடப் பார்க்கலை நீ."

அவள் தூக்கைத் திறந்து அவர் முன்னால் வைத்தாள். சாப்பாட்டிலிருந்து இன்னும் ஆவி பறந்தது. அவர் அதைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். அப்புறம் இரண்டு பேருமே கரும்புப் பக்கம் பார்க்காமல் வீட்டை நோக்கி உட்கார்ந்துகொண்டார்கள்.

வெட்டு முடிந்து தோட்டம் வெட்டவெளியானபோது அந்த வட்டம் பளிச்சென்று தெரிந்தது. "இங்க மாடு கட்டி வச்சிருந்தீங்களா?" என்று வெட்டுக்காரர்களில் ஒருவர் கேட்டார். கணவர் ஆமாம் என்று சொல்லிவிட்டார். அந்த வருஷம் அவர்கள் தோட்டத்துக் கரும்பைப்போல வேறு எங்கும் விளையவில்லை. சால் பிடிக்கிற பேச்சை அவர் எடுக்கவில்லை. குழியை மூடிவிட்டால் அந்த முதுகு அங்கேயே நின்றுவிடுமா, வெளியே கிளம்புமா என்று அவருக்கும் ஒரு யோசனை இருந்திருக்கும். அவள் கேட்கவில்லை.

நாத்தனாருக்கு மட்டும் சந்தேகம். "அண்ணனும் நீங்களும் இப்பல்லாம் சண்டையே போடறதில்லையே, என்ன விஷயம்?" என்று ஒருநாள் கேட்டாள்.

"போடறோமே" என்றாள் அவள். "முகத்தைப் பாத்துப் போடறோம்."

இன்றும் அந்தத் தோட்டத்தில் குழிக்கரும்புதான். கணவர் கரும்புக்குள் போவதில்லை. அவள் போகிறாள், குழி கீறின பழைய கயிற்றோடு இன்னும் கயிறு முடிந்து நீட்டி, இடுப்பில் கட்டிக்கொண்டு. மறுமுனையைப் பிடித்துக்கொண்டு அவர் வரப்பில் உட்கார்ந்திருக்கிறார். நடுவிலிருக்கிற அந்தத் தூரும் மற்றதைப்போலவே தழைக்கிறது, வெட்டப்படுகிறது, ஆலைக்குப் போகிறது. அதைச் சுற்றி மட்டும் புல் முளைப்பதில்லை. வீட்டுக்குத் திரும்பும்போது இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நடக்கிறார்கள். ஒற்றையடிப் பாதைதான், ஒருவருடைய கால் எப்போதும் சேற்றில் இருக்கும்.