தர்ஷினியின் வலது பாதம்

தர்ஷினியின் பாதம் உடையப்போகிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்தே அவளை ஆடவிட்டேன்.

இதை யாரிடமும் நான் சொன்னதில்லை. இப்போது உங்களிடம் சொல்வதும் மன்னிப்புக்காக அல்ல. உங்கள் மன்னிப்பை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? உடைந்தது உங்கள் பாதம் அல்லவே.

நான் பாலே ஆடியவள். சாஆ என்ற சிற்றூரில், செம்பனைத் தோட்டத்து எண்ணெய் ஆலையில் அப்பாவுக்கு வேலை. சனிக்கிழமைதோறும் அம்மா என்னைப் பேருந்தில் பக்கத்து நகரமான சிகாமட்டுக்கு அழைத்துப்போவாள். அங்கே ஒரு சீன ஆசிரியை. முழங்கால் மடங்கினால் கெண்டைக்காலில் பிரம்பு விழும். அழுதால் இன்னொன்று. அழாமல் இருக்கக் கற்றுக்கொண்டேன். அதையே திறமை என்றும் நினைத்துக்கொண்டேன்.

பிறகு சிங்கப்பூரில் ஒரு நடனக் குழு. ஆடிய வருடங்கள் எல்லாம் கடைசி வரிசையில்தான். என் நிறம் ஒத்துவராது என்று நேராகச் சொல்லமாட்டார்கள்... முன்வரிசை ஒரே மாதிரி தெரிய வேண்டும் என்பார்கள். ஒரு சமயம் வலது பாதத்தின் நடுவே ஊசி குத்துவதுபோல் வலித்தது. இருக்கிற இடமும் போய்விடும் என்ற பயத்தில் மறைத்து ஆடினேன். விரிசல் விட்டிருந்த எலும்பு உடைந்தது. என் மேடை வாழ்க்கை அத்தோடு முடிந்தது.

ஆகவே அது எனக்குத் தெரியாத வலி அல்ல.

நாடு திரும்பி, எல்லைப் பாலத்துக்கு அருகே கெலாங் பாத்தாவில் ஒரு கடைவீட்டு மாடியை வாடகைக்கு எடுத்து வகுப்பு தொடங்கினேன். தர்ஷினி சின்னஞ்சிறு பிள்ளையாக வந்து சேர்ந்தாள். அவள் அம்மா சுமதி, தினமும் பாலம் தாண்டிச் சிங்கப்பூர்த் தொழிற்சாலைக்குப் போய்வருபவள். பதின்மூன்று வயதில் தர்ஷினி எம்பிக் குதித்தால் மற்ற பிள்ளைகள் தங்கள் ஆட்டத்தை மறந்து பார்ப்பார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. எரிச்சலாகவும் இருந்தது. ஒருநாளும் என்னை நிற்கவிடாத மேடையின் நடுவில், அவள் வெகு சாதாரணமாகப் போய் நிற்பாள்.

எங்கள் வகுப்பின் அந்த ஆண்டு மேடை நிகழ்ச்சிக்கு, சிங்கப்பூர் நடனப் பள்ளி ஒன்றிலிருந்து ஆள் எடுக்க வருவதாக இருந்தது. தர்ஷினிக்குத் தனி ஆட்டம் கொடுத்திருந்தேன். நிகழ்ச்சிக்கு முந்தைய வாரம், வகுப்பு முடிந்தும் போகாமல் தயங்கி நின்றாள்.

"டீச்சர், இங்க வலிக்குது. சும்மா நடந்தாகூட வலிக்குது."

வலது பாதத்தின் நடுவே அவள் காட்டிய இடத்தை அழுத்திப் பார்த்தேன். துடித்துப்போய்க் காலை இழுத்துக்கொண்டாள். எந்த எலும்பு என்பதுகூட எனக்குத் தெரிந்துவிட்டது...

"வலி இல்லாம பாலே இல்ல," என்றேன். "அம்மாகிட்ட சொல்லாத. சொன்னா நிப்பாட்டிடுவாங்க. அப்புறம் உன் இடத்துல வேற பிள்ளை ஆடும்."

தலையாட்டினாள். நிகழ்ச்சியன்று நானே அவள் பாதத்தில் பட்டை சுற்றிக் காலணியை மாட்டிவிட்டேன்.

ஏன் செய்தேன்? அவள் என் மாணவி என்று நாலு பேர் சொல்வதற்காகவா? நான் பட்டதை இவளும் படட்டுமே என்றா? இரண்டும்தான். எது அதிகம் என்று கேட்காதீர்கள்.

மேடையில் குதித்து இறங்கும்போது அவள் கால் மடங்கியது. அவள் விழுந்து கிடந்தாள். இசை ஓடிக்கொண்டே இருந்தது.

இது இன்று திடீரென்று உடைந்ததல்ல, முன்பே விரிசல் இருந்திருக்கிறது என்றார் மருத்துவர். சுமதி மகள் பக்கம் திரும்பினாள்.

"எப்பலேருந்து வலிக்குது? ஏன் டீச்சர்கிட்ட சொல்லல?"

தர்ஷினி என்னைப் பார்த்தாள். நானும் அவளைப் பார்த்தேன்.

"சொல்லலம்மா. மறைச்சிட்டேன்."

சுமதி அவள் தோளில் ஓங்கி அடித்தாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "சாரி டீச்சர். இத்தனை வருஷம் கஷ்டப்பட்டுச் சொல்லிக் கொடுத்தீங்க. இந்தப் பிள்ளை இப்படிப் பண்ணிடுச்சு."

"பரவாயில்ல," என்றேன்.

ஆம்... பெருந்தன்மையோடு சொன்னேன்.

எலும்பு சரியாகச் சேரவில்லை. தர்ஷினி அதன்பின் ஆடவில்லை. நானோ புதிதாக வரும் பிள்ளைகளுக்கெல்லாம் அவள் கதையைச் சொன்னேன். வலியை மறைத்த ஒரு பெண் இருந்தாள், அவளைப்போல் இருக்காதீர்கள் என்று. அவளை வெறுத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். காட்டிக்கொடுத்திருந்தால் அன்றே முடிந்திருக்கும். பொய் சொல்லி என்னைக் காப்பாற்றிவிட்டாள்... அதைத்தான் பொறுக்க முடியவில்லை. ஒரு குழந்தையை இப்படி வெறுக்கிற மனம் என்னுடையது.

சென்ற மாதம் சுமதி தன் சின்ன மகள் கீர்த்தியைச் சேர்க்க வந்தாள். "இவளாச்சும் உங்ககிட்ட எதையும் மறைக்காம இருக்கட்டும் டீச்சர்," என்று சொல்லிவிட்டு, காரை நகர்த்தி நிறுத்தக் கீழே போனாள். கூட வந்த தர்ஷினி வாசலில் நின்றாள். இப்போது கல்லூரியில் படிக்கிறாள். இலேசாகச் சாய்ந்து நடக்கிறாள். குனிந்து தங்கையின் கொண்டையைச் சரிசெய்தாள். பேசும்போது என்னைத்தான் பார்த்தாள்.

"வலிச்சா டீச்சர்கிட்ட சொல்லாத. அம்மாகிட்ட வந்து சொல்லு. புரியுதா?"

"ஏன் அக்கா?"

"டீச்சருக்குத் தெரியும்."

அவள் குரலில் கோபம்கூட இல்லை.

சுமதி படியேறி வரும் சத்தம் கேட்டது. இப்போதாவது நான் சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன்.

"கீர்த்தி, முதுகை நிமிர்த்து," என்றேன்.

கீர்த்தி வாரம் தவறாமல் வருகிறாள். ஒவ்வொரு வகுப்பு முடிந்ததும், எங்காவது வலிக்கிறதா என்று கேட்கிறேன். இல்லை டீச்சர் என்கிறாள். அது மெய்யா பொய்யா என்று எனக்குத் தெரிய வழியில்லை.