மரியரட்ணத்தின் படத்தைத் திரையில் போட்டவர்

லூர்தம்மாவுக்குப் பிரெஞ்சு தெரியும் என்பது சில்க்போர்க் நகரத்தில் அதிகம் பேருக்குத் தெரியாது. டென்மார்க்குக்கு வருமுன் ஏழு வருடம் பாரிசில் வீடுகள் துப்புரவாக்கியவர். வீட்டுக்காரிகளோடு சண்டை பிடித்தே படித்த பிரெஞ்சு என்பார். மேர்வினைக் கட்டி இங்கே வந்தபின் அந்த மொழிக்கு வேலை இல்லாமல் போயிற்று. ஏரிக்கரையில் கூட்டங்களும் வகுப்புகளும் நடக்கும் விடுதி ஒன்றில் காலைச் சாப்பாடு வைப்பார், கோப்பி ஊற்றுவார், குசினியில் பீங்கான் கழுவுவார்.

2009 வைகாசியில் இலங்கையில் போர் முடிந்தது. அவருடைய ஒரே தம்பி மரியரட்ணம் வன்னியில் புலிகள் இயக்கத்தின் வாகனங்கள் திருத்தியவர். பதினெட்டாம் திகதி, வட்டுவாகல் பாலம் தாண்டி வந்த சனத்தோடு வந்து இராணுவத்திடம் பெயர் கொடுத்தார். ஒருவன் பெயரைக் கொப்பியில் எழுதினான். மனைவி கிருபாஷினியை மற்றப் பக்கம் போகச் சொல்லிவிட்டு, அவரைப் பஸ் ஒன்றில் ஏற்றினார்கள். அதற்குப் பிறகு அவரைக் கண்டவர் இல்லை.

வேலைத்தலத்தில் லூர்தம்மா இதைப்பற்றி வாய் திறக்கவில்லை. கோடை விடுமுறை நல்லாகப் போனதா என்று மட்டும் கூட வேலை செய்தவர்கள் கேட்டார்கள். ஓம் என்றார்.

ஐப்பசியில் ரெமி வொத்ரே வந்தார். மறைஞானம், இரகசியச் சங்கங்கள், உலகத்தைத் திரைக்குப் பின்னால் நின்று ஆட்டுவிப்பவர்கள் என்று இருபது புத்தகம் எழுதிய பிரெஞ்சுக்காரர். அவருடைய டெனிஷ் வாசகர்கள் மூன்று நாள் கூட்டத்துக்கு அழைத்திருந்தார்கள். முதல்நாள் காலை, எது ஆட்டுப்பால் சீஸ் என்று தெரியாமல் தடுமாறியவருக்கு லூர்தம்மா பிரெஞ்சில் சொல்லிக் கொடுத்தார். மனிதர் கதிரையை இழுத்துப் போட்டு அவரை இருக்கச் சொன்னார். எந்த ஊர், வீட்டில் யார் யார் என்று கேட்டார். கேட்டுவிட்டுப் பதில் முடியும்வரை பொறுத்திருந்தார். ஐந்து மாதமாக அப்படி ஒருவரும் பொறுத்திருந்ததில்லை. லூர்தம்மா எல்லாவற்றையும் சொன்னார். கைப்பையில் இருந்த தம்பியின் படத்தையும் காட்டினார்.

"நான் இதைப் படம் எடுக்கலாமா? உலகம் இதை அறிய வேண்டும்."

"எடுங்கள்" என்றார் லூர்தம்மா. அந்த ஒரு சொல்லுக்காகத் தன்னை இன்றும் திட்டிக்கொள்கிறார்.

மறுநாள் பின்னேரம் மண்டபத்துக்குக் கோப்பி கொண்டுபோனபோது, திரையில் மரியரட்ணம் நின்றார். படத்தைச் சுற்றி ஒரு முக்கோணம். வொத்ரே பிரெஞ்சில் பேச, பக்கத்தில் ஒரு பெண் டெனிஷில் சொல்லிக்கொண்டிருந்தார். சபைக்கு முன்பே லூர்தம்மாவுக்கு விளங்கிவிட்டது.

"பதினெட்டு. ஆறும் ஆறும் ஆறும். இந்த மனிதர் தற்செயலாக இறக்கவில்லை. இது பலி. நாளைக் குறித்தவர்கள் அந்தத் தீவிலேயே இல்லை."

லூர்தம்மா கோப்பிக் குடுவையை மேசையில் அடித்து வைத்தார்.

"அவன் இறந்ததை உங்களுக்கு யார் சொன்னது?"

வொத்ரே அசையவில்லை. "மதாம், உங்கள் துயரம் புரிகிறது. நீங்கள் பார்ப்பது மேற்பரப்பை மட்டும்."

"மேற்பரப்பா? அவனுடைய பெயரை ஒருவன் பேனையால் எழுதினான். ஒருவன் பஸ் ஓட்டினான். ஒருவன் கட்டளை போட்டான். எல்லாரும் உயிரோடு, சம்பளம் எடுத்துக்கொண்டு இருக்கிறார்கள். யாரோ கண்ணுக்குத் தெரியாத கூட்டம் செய்தது என்றால், இவர்களிடம் நான் ஒன்றும் கேட்கத் தேவையில்லையா? படத்தை எடுங்கள்!"

மொழிபெயர்த்த பெண் ஒலிவாங்கியைக் கீழே வைத்துவிட்டார். லூர்தம்மாவே அத்தனையையும் டெனிஷில் திருப்பிச் சொன்னார். முன்வரிசையில் இருந்த ஒருவர் மிகவும் கவனமாகக் கேட்டார்:

"உங்களை இங்கே அனுப்பியது யார்?"

"குசினி" என்றார் லூர்தம்மா.

விடுதிப் பொறுப்பாளர் வந்து முழங்கையில் பிடித்து வெளியே கூட்டிப்போனார். விருந்தினரிடம் சொந்தக் கதை சொல்லக்கூடாது என்று கடிதமும் கொடுத்தார்.

வீட்டில் மேர்வின் சோற்றைப் பிசைந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். "அந்தாள் சொல்லுறதிலையும் ஏதோ இருக்கப்பா. இவ்வளவு நாடும் பாத்துக்கொண்டு நிண்டதெண்டா, பின்னால ஒரு கை இல்லாமலோ?"

"நீங்களுமோ? கை இருக்கு. கொப்பியில பேர் எழுதின கை. எனக்கு அந்தக் கைக்காரன்தான் வேணும். உங்கட கண்ணுக்குத் தெரியாத ஆக்களை வைச்சு நான் என்ன செய்யிறது? கோட்டிலை வழக்குப் போடேலுமோ?"

மேர்வின் எழுந்துபோய்க் கை கழுவினார்.

அடுத்த வசந்தத்தில் வொத்ரேயின் புத்தகம் வந்தது. பாரிசில் இருந்த ஒரு பழைய சிநேகிதி வாங்கி அனுப்பினார். மரியரட்ணத்தின் படம் முழுப் பக்கத்தில் இருந்தது, பெயர் பிழையாக இருந்தது. லூர்தம்மா பதிப்பகத்துக்கு நான்கு கடிதம் எழுதினார். நாலாவதில் வழக்குப் போடுவேன் என்றார். இரண்டாம் பதிப்பில் படம் இல்லை. அந்த இடத்தில் ஒரு வரி இருந்தது: குடும்பத்தினர் மிரட்டப்பட்டதால் படம் நீக்கப்பட்டது.

அதை வாசித்த அன்று அவர் புத்தகத்தை இரண்டாகக் கிழித்தார். கிழித்தும் ஆத்திரம் தீரவில்லை. போர் முடிந்தபின் சனத்தை அடைத்த முகாமிலிருந்து வெளியே வந்திருந்த தம்பி மனைவி கிருபாஷினிக்கு ரெலிபோன் எடுத்தார்.

"மச்சாள், திரும்பவும் சொல்லும். நான் எழுதப்போறன். கண்டதை மட்டும் சொல்லும், கேள்விப்பட்டது வேண்டாம்."

"பஸ் பச்சை நிறம், மச்சாள். யன்னல் ஒண்டு உடைஞ்சிருந்தது. பேர் எழுதினவன் கண்ணாடி போட்டவன். தமிழ் கொஞ்சம் கதைச்சவன்."

"நம்பர்?"

அங்கே அழுகை கேட்டது. "பாக்கேல்லை, மச்சாள். நான் அவரையெல்லோ பாத்துக்கொண்டு நிண்டனான்."

சாட்சியம் சேகரித்த மனித உரிமை அமைப்பு ஒன்றுக்கு லூர்தம்மா மூன்று பக்கம் எழுதினார். பஸ் இலக்கம் என்ற இடத்தில் 'தெரியாது' என்று எழுதினார். இறந்தவரா என்ற கேள்விக்கும் அதையே எழுதினார். பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு, வேலைக்குப் பிந்தியதற்கு மன்னிப்பும் கேட்காமல், கோப்பைகளை அடுக்கத் தொடங்கினார்.